விடைக்குறிப்பில் இல்லாத பதில்

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்பா வேலை பார்த்த சலவை ஆலையிலேயே மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்த தம்பிக்கு வேலை கிடைத்தது. ஆலைக் குடியிருப்பை விட்டு யாரும் கிளம்ப வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து அவனுடைய தங்கை சின்னவள் அவனிடம் பேசுவதில்லை. ஏன் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

நகரத்தின் மறுமுனையில் பெண்கள் விடுதியில் தங்கி, பள்ளியில் மொழிப்பாடம் நடத்தும் பெரியவள், இது சாதாரண அண்ணன் தங்கை சண்டை என்றுதான் நினைத்திருந்தாள். தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அவள் விடைத்தாள் திருத்தும் மையத்துக்கு வந்தாள்.

வாசலில் கைப்பேசியை வாங்கிக்கொண்டு எண் போட்ட தகர வில்லை ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே வருகைப் பதிவேடு. அதோடு ஒரு படிவம். ‘என் நெருங்கிய உறவினர் எவரும் இவ்வாண்டு இத்தேர்வை எழுதவில்லை’ என்று அச்சடித்திருந்தது. ஏழு வருடமாக அதில் கையெழுத்துப் போடுகிறாள். இந்த வருடம் சின்னவள் தேர்வு எழுதியிருக்கிறாள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் முன்னால் நின்றவர் பேனாவை நீட்டினார், பின்னால் வரிசை நெருக்கியது, கை தானாகப் போட்டுவிட்டது.

அவளுடைய மேசைக்கு முதன்மைத் தேர்வாளராக இருந்தவரை எல்லோரும் ‘அரை மார்க்’ என்பார்கள். ஒரு முழு மதிப்பெண்ணை ஒரே தடவையில் கொடுக்க அவருக்கு மனம் வராது. வீட்டில் காபிக்குக்கூட அரைக் கரண்டிச் சர்க்கரையாக இரண்டு தடவை போடுவார் என்று பக்கத்து நாற்காலி ஆசிரியை சொல்லிச் சிரித்தாள். அவர் காதிலும் விழுந்தது. “ரெண்டாவது தடவை போடறது சந்தேகம்தான்” என்றார் அவர்.

ஆறாவது கேள்விக்குப் பத்து மதிப்பெண். பாடநூலில் மொழிபெயர்ப்பாக வந்த கவிதை அது. இருநூறு வருடங்களுக்கு முன்னால், ஒரு பெரிய நகரத்தில் விருந்துக்குப் போன கவிஞர் எழுதியது. கூடத்தில் நூறு மெழுகுவத்திகள் எரிகின்றன. எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள். கவிஞரால் அந்த வெளிச்சத்தில் உட்கார முடியவில்லை. நிலவறையில் கொதிக்கும் கொழுப்பில் திரியை முக்கி முக்கி எடுக்கும் ஒரு பெண்ணை நினைக்கிறார். அவளுடைய கைகள்தான் இங்கே மேசைக்கு மேசை எரிகின்றன என்கிறார். கடைசிப் பத்தியில் தாங்க முடியாமல் தோட்டத்துக்கு வருகிறார். அங்கே நிலா அவரைத் தேற்றுகிறது.

‘இக்கவிதையில் நகர வாழ்வின் துயரமும் சமூக அநீதியும் வெளிப்படும் விதத்தை ஆராய்க.’ ஒளியும் இருளும் முரண்படுவதற்கு இரண்டு, கைகள் எரிவதாகச் சொல்லும் உருவகத்துக்கு இரண்டு, செல்வரைக் கண்டித்ததற்கு இரண்டு, இயற்கை தரும் ஆறுதலுக்கு இரண்டு, மொழிநடைக்கு இரண்டு என்று விடைக்குறிப்பு பிரித்திருந்தது.

பத்தரை மணிக்குள் பெரியவள் ஒன்பது தாள்களை முடித்திருந்தாள். ஒன்பதிலும் நிலா ஆறுதல் சொல்லியிருந்தது.

பத்தாவது தாளில் எழுத்து சிறியதாக, வலது பக்கம் சாய்ந்திருந்தது. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வடக்குப் பள்ளிகளின் தாள்கள் தெற்கே வந்து கலந்துவிடும். மாணவர் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண் ஒட்டியிருக்கும். தவிர, அவள் தங்கையின் கையெழுத்தைப் பார்த்தே நாலைந்து வருடம் இருக்கும். கைப்பேசியில் தட்டி அனுப்புவதைத்தானே எல்லோரும் படிக்கிறோம்.

இந்தப் பிள்ளை ஆறாவது கேள்வியைத்தான் முதலில் எழுதியிருந்தது.

‘கவிஞர் நல்லவர். வெளிச்சத்தைப் பார்த்ததும் அவருக்கு இருட்டில் இருப்பவள் நினைவு வருகிறது. விருந்தில் வேறு யாருக்கும் வரவில்லை. ஆனால் அவரும் நிலவறைக்கு இறங்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கை வலிக்கிறதா என்று கேட்கவில்லை. தனக்கு மனம் கஷ்டமானதும் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். நிலவறையிலிருந்து பார்த்தால் நிலா தெரியாது. ஆகவே இந்தக் கவிதையில் அநீதி விருந்துக் கூடத்தில் மட்டும் இல்லை. கடைசிப் பத்தியிலும் இருக்கிறது.’

பெரியவள் ஓரத்தில் ஒரு இரண்டு போட்டாள். முரண்பாடு வந்துவிட்டது. நிலா வரவேண்டிய விதத்தில் வரவில்லை. பக்கத்தைத் திருப்பினாள்.

‘என் அப்பா கொதிகலனில் வேலை பார்த்தார். வெள்ளையாகப் புகை மாதிரித் தெரிவது நீராவி இல்லை, அது ஆறிப்போன நீர்த்துளி, அசல் நீராவி கண்ணுக்கே தெரியாது என்று சொல்வார். குழாய் பிளந்து நீராவி பாய்ந்த அன்று அவருக்கும் அது தெரியவில்லை. புதிதாக மடித்து வைத்திருந்த ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றில் அவரைச் சுற்றி, விரிப்புகள் போகும் வண்டியிலேயே கொண்டுவந்து வீட்டுக் கட்டிலில் போட்டார்கள். வீட்டில் தூக்கத்தில் இறந்தார் என்று எழுதிய தாளில் என் அண்ணன் கையெழுத்துப் போட்டான். சாயங்காலம் வண்டி திரும்பி வந்தது. எண்ணிக்கையில் ஒரு விரிப்பு குறைகிறதாம். அம்மா அப்பாவைப் புரட்டி அதை உருவிக் கொடுத்தாள். அதை வெளுத்திருப்பார்கள். மறுநாள் யாரோ ஒரு நோயாளி அதில் நன்றாகத் தூங்கியிருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கவிஞருக்கு மெழுகுவத்தி மாதிரி எனக்கு வெள்ளை விரிப்பு.

‘என் அக்கா ஆசிரியை. அவளுக்கு இது தெரியாது. அவளிடம் சொல்லக் கூடாது என்று அண்ணன் சத்தியம் வாங்கினான். தேர்வில் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.’

பெரியவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். முதல் வரியிலிருந்து படித்தாள்.

அன்று அவளுக்குச் செய்தி வந்ததே சாயங்காலம்தான். அவள் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஊரே கூடியிருந்தது. அப்பாவைத் தலையோடு கால் மூடியிருந்தார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், உன்னால் தாங்க முடியாது என்று தம்பி தோளைப் பிடித்து நிறுத்தினான். அவள் பார்க்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பார்க்க வேண்டாம் என்று சொன்னால், பார்க்காமல் இருந்துவிடுகிற பெண் அவள்.

“என்னம்மா, ஒரே தாள்ல குடியிருக்கீங்க” என்றார் அரை மார்க், மேசையைக் கடந்தபடி. அவள் தாளைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அந்தத் தாளிலும் நிலா ஆறுதல் சொன்னது. என்ன மதிப்பெண் போட்டாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் வாசலுக்குப் போய் வில்லையைக் கொடுத்து, கைப்பேசியை வாங்கினாள். தம்பி எடுத்ததும் பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

“அப்பா எங்கடா செத்தாரு?”

இரைச்சல் சற்றுக் குறைந்தது. எங்கோ ஒதுங்கி நின்றிருப்பான்.

“சின்னவ சொன்னாளா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“நாலு மணிக்கு ஷிப்ட் முடியுது. அங்க வரேன்க்கா. அதுவரைக்கும் யாருகிட்டயும் எதுவும் கேக்காத.” சற்று நின்று, “சாப்பிட்டியா?” என்றான்.

அவள் இணைப்பைத் துண்டித்தாள். எட்டு மாதமாக வாராவாரம் அவன் கேட்கிற அதே கேள்வி. அதே குரல்.

மதியம் அந்தத் தாளின் மற்ற விடைகளைத் திருத்தினாள். எல்லாமே அரைகுறை. ஆறாவது கேள்விக்கு நாலு பக்கம் எழுதியவள் மற்றதற்கு நேரமில்லாமல் ஓடியிருக்கிறாள். கூட்டினால் முப்பத்தொன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். ஆறாவது கேள்விக்கு விடைக்குறிப்பின்படி முரண்பாட்டுக்கு இரண்டு, மொழிநடைக்கு ஒன்று. மூன்றுக்கு மேல் இடமே இல்லை.

முப்பத்திநாலு.

சின்னவள் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். இந்தப் பாடத்தில் தேறினால்தான் அதில் இடம். தேறாவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. ஆலையில் மடிப்புப் பிரிவுக்குப் பெண்பிள்ளைகள் வேண்டும், தங்கையை அனுப்பு என்று மேலாளர் தம்பியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மடிப்புப் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டு விரிப்பு மடிக்க வேண்டும். ஆஸ்பத்திரி விரிப்புகளை.

விடைக்குறிப்பில் இல்லாத பதில் வந்தால் முதன்மைத் தேர்வாளரிடம் காட்டிச் சுருக்கொப்பம் வாங்கலாம் என்று விதி இருந்தது. ஏழு வருடத்தில் பெரியவள் ஒரு தடவைகூட அதற்காக எழுந்ததில்லை. கூட்டத்தில் பேசச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறவள். இன்றைக்குத் தாளை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனாள்.

அவர் நின்றபடியே படித்தார். பாதியில் உட்கார்ந்தார். முடித்ததும் கண்ணாடியைத் துடைத்தார்.

“நல்லா எழுதியிருக்கு. ஆனா நிலாவைத் திட்டிவெச்சிருக்கே இந்தப் பொண்ணு. குறிப்புல ஆறுதல்னு இருக்கு.”

நிலா ஆறுதலாக இருக்கிறது என்பதை அவள் மறுக்கவில்லை, யாருக்கு ஆறுதல் என்று கேட்கிறாள் என்றாள் பெரியவள். அதோடு நிறுத்தவில்லை. கடைசிப் பத்தியைத் தொடாமல் விட்டவர்களுக்குத்தான் மதிப்பெண் கிடையாது, இவள் அதை மற்ற எல்லோரையும்விட நெருங்கிப் படித்திருக்கிறாள் என்றாள்.

அவர் அரை மதிப்பெண் போட்டார்.

மெழுகுவத்திக்கும் கைக்கும் உள்ள தொடர்பை மற்றவர்கள் உருவகம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், இவள் அதேபோல ஒன்றைத் தன் கண்முன்னால் பார்த்து எழுதியிருக்கிறாள், புரிந்ததற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும் என்று கேட்டாள். பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றன.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு அரை போட்டார். நாலு. முப்பத்தைந்து. சுருக்கொப்பம் இட்டுவிட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார். அதன் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். ‘விருப்பு வெறுப்பின்றி மதிப்பிட்டேன்’ என்று ஒரு முத்திரை அங்கே குத்தியிருந்தது.

அவள் பேனாவை அங்கே வைத்தாள். நல்லதுக்குத்தான். யாருக்கும் கெடுதல் இல்லை. குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். ஒரு கையெழுத்துதான். அன்றைக்குத் தம்பியும் இப்படித்தான் நினைத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அவளால் எழுத முடியவில்லை.

“சார், இது என் தங்கச்சி பேப்பர்.”

அரை மார்க் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, “ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா நான் அடுத்த ரூமுக்குப் போயிருப்பேனே” என்றார். அது வேடிக்கை இல்லை என்று அவருக்கும் தெரிந்தது. “காலையில படிவத்துல கையெழுத்துப் போட்டீங்களா?”

“போட்டேன் சார்.”

“இதுல எழுதியிருக்கறது உண்மையா?”

“எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

அவர் ஒரு பழுப்பு உறையை எடுத்து, தாளை உள்ளே வைத்து ஒட்டினார். ஒட்டிக்கொண்டே நடக்கப்போவதைச் சொன்னார். பெரியவள் நாளையிலிருந்து மையத்துக்கு வரக் கூடாது. அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அது பெரிதில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு அலுவலகத்தில் தங்கையைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஒரே கேள்விதான். எழுதியது உன் குடும்பத்துக் கதையா, கற்பனையா? சொந்தக் கதை என்றால் தேர்வர் தன்னை அடையாளம் காட்டிக்கொண்டதாக ஆகும், தாள் செல்லாது. ஆலைச் சாவைப் பற்றி எழுதிய விவரமும் கோப்பில் ஏறி மேலே போகும். கற்பனை என்றால் வேறொருவர் திருத்துவார்.

“நான் போட்ட நாலை யாரும் குறைக்க மாட்டாங்க” என்றார். “இது உங்களுக்கு நான் சொன்ன யோசனைன்னு நினைச்சுக்காதீங்க. விதியைச் சொன்னேன்.”

அவள் வெளியே வந்தபோது மணி ஐந்து. எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் தம்பி நின்றிருந்தான். ஆலையின் நீலச் சட்டையோடு அப்படியே வந்திருந்தான். கழுத்தெல்லாம் வியர்வைக் கோடுகள். எட்டு மாதத்தில் அப்பாவைப் போலவே லேசாகக் குனிந்து நிற்கப் பழகியிருந்தான்.

சின்னவள் எழுதியதையும், தாள் உறைக்குள் போனதையும், வியாழக்கிழமை விசாரணையையும் அவள் வரிசையாகச் சொன்னாள். அவன் நிறுத்தத்தின் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்துவிட்டான்.

“எழுதியேவிட்டாளா?”

“என்கிட்ட ஏண்டா மறைச்ச?”

“உன்கிட்ட சொன்னா நீ அழுவ. அழுதுட்டு, இப்ப என்னடா பண்றதுன்னு என்னையே கேப்ப.” அவன் குரலை உயர்த்தவில்லை. “அந்தத் தாளை நீட்டுறப்ப வண்டி இன்ஜினை இன்னும் நிறுத்தக்கூட இல்ல. கையெழுத்துப் போட்டா வேலை, வீடு. இல்லன்னா பத்து நாள்ல காலி பண்ணணும். அப்பா வேன்ல கிடக்காரு. அம்மா வாசப்படியில நிக்கறாங்க. நீயே சொல்லு, அம்மாவையும் இவளையும் கூட்டிட்டு நான் எங்க போறது? உன் விடுதிக்கா?”

விடுதியில் அவளுக்கு இருப்பது ஒரு கட்டில். அலமாரியில் பாதி.

ஒரு பேருந்து வந்தது. நாலு பேர் ஏறினார்கள். இவர்கள் ஏறவில்லை.

“கற்பனைன்னு சொல்லச் சொல்லு” என்றான் தம்பி. “கவிதையைப் படிச்சேன், தோணுச்சு, எழுதினேன். அவ்வளவுதான். அவ பாஸாயிருவா. படிக்கப் போயிருவா. என் வேலைக்கும் ஒண்ணும் வராது. நான் சொன்னா கேக்க மாட்டா. நீ சொன்னா கேப்பா.”

அவன் சொன்னதில் தப்பு எதுவும் பெரியவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கைப்பேசியை எடுத்துத் தங்கையை அழைத்தாள். சாலை இரைச்சலில் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டிவைத்தாள்.

“என்னக்கா, இந்த நேரத்துல?”

“உன் ஆறாவது கேள்வியைப் படிச்சேன்.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு சின்னவள் கேட்டாள்.

“முழுசா படிச்சியா?”

“ரெண்டு தடவை.”

சின்னவள் அழுதாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். பக்கத்து அறையில் அம்மா இருப்பாள். பெரியவள் பொறுத்திருந்தாள். பிறகு வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னாள். கேட்கப்போகும் கேள்வியைச் சொன்னாள். இரண்டு பதில்களையும், இரண்டுக்கும் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். வகுப்பில் பாடம் சொல்வதுபோல எதையும் விடாமல் சொன்னாள். இதைச் சொல் என்று மட்டும் சொல்லவில்லை. தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் என்ன சொல்லணும்க்கா?”

“நான் அன்னைக்கு அப்பா முகத்தைப் பாக்கலடி” என்றாள் பெரியவள். “பாத்தவங்க நீங்க மூணு பேர்தான். உனக்கு என்ன சொல்லணும்னு சொல்ற இடத்துல நான் இல்ல.”

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். யோசித்தாள். குரல் இப்போது தெளிந்திருந்தது.

“அண்ணன் உன் பக்கத்துல இருக்கானா?”

“இருக்கான்.”

“அவனையும் வரச் சொல்லு. பேச வேண்டாம். நான் பதில் சொல்லும்போது அந்த ரூம்ல நின்னா போதும். அவன் மூஞ்சியைப் பாத்துட்டு எது வருதோ அதைச் சொல்றேன்.”

எட்டு மாதத்துக்குப் பிறகு தங்கை அவனிடம் கேட்ட முதல் உதவி அது. பெரியவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனுக்கும் கேட்டிருந்தது. அவன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். அடுத்த பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் எண்ணைப் படிக்கிறவன்போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

“வியாழக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட்” என்றான்.